பதினேழு மீட்டர்

அக்டோபர் முப்பத்தொன்று, இரவு ஏழு மணி.
லூயிஷம் கவுன்சில், மூன்றாம் மாடி,
சேர்க்கைப் பிரிவில் நானும் டெல்ராயும்
ஆறிப்போன சிப்ஸும்.
நள்ளிரவில் படிவம் மூடிவிடும்.
அதுவரை தொலைபேசி ஓயாது.

குரல்தான் வேறு, எல்லோருக்கும் ஒரே கேள்வி:
முதலில் எழுதினால்
அந்தப் பள்ளிக்கு எங்கள்மேல் பிரியம் வருமா?
வராது, அம்மா.
எத்தனையாவதாக எழுதினீர்கள் என்று
எந்தப் பள்ளிக்கும் தெரியாது.
இரண்டாமிடம் தந்ததற்காக
யாரும் முகம் திருப்பிக்கொள்வதில்லை.
கல்யாணத்தில்கூட இந்தச் சலுகை இல்லை என்கிறான்
இருமுறை மணமுறிந்த டெல்ராய்,
ரிசீவரைப் பொத்திக்கொண்டு.

ஏழே முக்காலுக்கு ரூமென் பெட்கோவ்.
சுவர் பூசுபவர். பின்னணியில்
கலவை இயந்திரம் கரகரக்கிறது.
ஆறு கட்டத்திலும் ஒரே பள்ளியை எழுதிவிட்டேன் என்றார்,
ஆணி அடித்த திருப்தியோடு.
ஆறு முறை அடித்தால் ஆணி இறங்கும்.
ஆறு முறை எழுதினால்
ஒரு முறைதான் கணக்கு, ஐயா.
மிச்ச ஐந்தும் வெற்றிடம்.

ஆண்டுக்கு நானூறு முறை சொல்வதைச் சொன்னேன்:
ஆசைப்படுவதை மேலே எழுதுங்கள், கூசாமல்.
அது இல்லையென்றானால்
இரண்டாவது பள்ளியின் வாசலில்
அதையே முதலாக எழுதியவர் பக்கத்தில்
சரிசமமாக நிற்பீர்கள்.
இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து கைநீட்டினால்
உங்கள் பட்டியலில் மேலே இருப்பது உங்களுக்கு.
மற்ற நாற்காலிகள் அப்போதே
முகமறியாத பிள்ளைகளுக்குப் போய்விடும்.
கடைசிக் கட்டத்தில், தெருமுனைப் பள்ளி.
பிடிக்கவில்லை என்றார்.
பிடிக்க வேண்டாம், எழுதுங்கள் என்றேன்.

தூரம் எப்படி அளப்பீர்கள்?
உங்கள் வாசலிலிருந்து பள்ளி வாசலுக்கு
நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு.
ரயில் பாதைக்கு மேலே, கல்லறைகளுக்கு மேலே,
யாரோ துணி உலர்த்தும் கொல்லைக்கு மேலே.
என் பெண்ணுக்குச் சிறகில்லையே.
யாருக்கும் இல்லை.
இதில் இருக்கும் நியாயம் அவ்வளவுதான்.

மார்ச் ஒன்று.
முதல் பள்ளியில் கடைசியாக நுழைந்த பிள்ளையின் தூரம்
ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு மீட்டர்.
யோவானாவின் வாசல்
ஆயிரத்து இருநூற்று முப்பத்தொன்று.
கழித்துப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார்.
பதினேழு மீட்டர் சுவரை
ஒரே நாளில் பூசிவிடுவேன் என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
சுத்தமாக வேண்டுமென்றால் இரண்டு நாள் என்றார்.

கிடைத்தது மூன்றாவது பள்ளி.
முதல் பள்ளியின் காத்திருப்போர் பட்டியலில் நான்காமிடம்.
அடுத்த திங்கள் கேட்டபோது ஆறாமிடம்.
நின்ற இடத்திலேயே நிற்கிறேன்,
கீழே எப்படிப் போவேன்?
நிற்கிற நேரத்துக்கு இங்கே மதிப்பில்லை, ஐயா.
பள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு குடும்பங்கள்
குடிவந்திருக்கின்றன.
அதன்பிறகும் திங்கள்தோறும் கூப்பிட்டார்.
மழை பெய்தால் வேலையில்லை,
அன்று இரண்டு முறை.

ஜூலை முதல் வாரம்.
யாரோ ஊர் மாறினார்கள், யாரோ கட்டணப் பள்ளிக்குப் போனார்கள்.
ஒவ்வொரு படியாக இறங்கி
இடம் அவரிடம் வந்து நின்றது.
இம்முறை நான் கூப்பிட்டேன்.
கிடைத்துவிட்டது என்றேன்,
உத்தியோகத்துக்கு ஒவ்வாத குதூகலத்தோடு.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.
மற்றப் பள்ளியின் சீருடையை வாங்கிவிட்டோம் என்றார்.
நேற்றிலிருந்து கழற்ற மாட்டேன் என்கிறாள்.
இன்னும் கொஞ்சம் மூச்சு.
அன்றைக்கு நாம் எழுதும்போது
அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.
இருங்கள், கேட்டுவிட்டு வருகிறேன்.

கரண்டியை வைக்கும் ஓசை.
படியேறும் பூட்ஸ்.
ஒரு கதவு தட்டப்படுகிறது, மெதுவாக.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக
காத்திருப்போர் பட்டியலில் நான்.
என்னாயிற்று என்று
டெல்ராய் கையாட்டிக் கேட்கிறான்.
தெரியவில்லை என்று தலையசைக்கிறேன்.